டாக்டரம்மா சொன்ன பெயர்

போன மாதம் கம்பத்தில் நடந்த கல்யாணத்தில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த உங்களில் ஒருத்தி, ரசம் வருவதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"ஏத்தா, ஒனக்குச் சின்ன வயசுல டீபி வந்துச்சுல்ல? அது அப்பறம் திரும்பி வரலயே?"

வரலை என்றேன். வந்ததே டீபி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது, இலையில் பாத்தி கட்டுவதில் பேச்சு போய்விட்டது.

ஐந்தாம் வகுப்பில் என்னோடு படித்த நீங்கள் எல்லோரும் இத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அப்பாவே ஊருக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். அதை நம்பித்தான் டீச்சர் என்னை ஜன்னல் ஓரத்தில் தனிப் பெஞ்சில் உட்காரவைத்தார். உங்கள் வீடுகளில் என்னோடு தண்ணி டம்ளர் மாற்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நாம் எல்லோரும் அறுபதை நெருங்கிவிட்டோம். இனி மறைக்க ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கட்டி. உங்களில் சிலர் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள். இடது பக்கக் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு பன்னீர் திராட்சை அளவுக்கு இருந்தது. அம்மா எண்ணெய் தேய்த்துச் சடை பின்னும்போது முதலில் அவள் விரலில்தான் தட்டுப்பட்டது. வலி கிடையாது. அமுக்கினால் ரப்பர் மாதிரி வழுக்கிக்கொண்டு நகரும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு தடவை தொட்டுப் பார்க்க இரண்டு புளியங்கொட்டை என்று நான் வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

கண்டமாலை என்றார்கள். பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டார்கள். கழுத்துத் தோல் கறுத்ததே தவிர கட்டி அப்படியே இருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. உடம்பெல்லாம் அரித்தது. அப்புறம் டீபி என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை தின்றால் மூத்திரம் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் போகும். அதையும் நான் அதிசயமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் தின்றேன். கட்டி இரண்டாகி மூன்றானது. கடைசியில் கம்பத்து டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு, "இது நான் நெனச்ச சீக்கு இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் இதுக்குன்னே படிச்ச ஒரு டாக்டரம்மா இருக்காக. அங்கன கூட்டிட்டுப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மாசி மாதம் அப்பாவும் நானும் மட்டும் போனோம். தம்பி அப்போது கைப்பிள்ளை என்பதால் அம்மா வரவில்லை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, குமுளியில் பஸ் மாறி, தேயிலைக் காடெல்லாம் கடந்து, மறுபக்கம் கேரளத்து ரப்பர் மரங்களுக்குள் இறங்கி நாலு மணி நேரம். அந்த ஊரில் வெயிலே வேறு மாதிரி இருந்தது, ஈரமாக. ஆஸ்பத்திரியில் ஓட்டுக் கூரை போட்ட நீளமான தாழ்வாரம். அதில் வரிசையாக உட்கார்ந்திருந்த யாருமே சத்தமாகப் பேசவில்லை.

டாக்டரம்மா குட்டையானவர். கதர்ச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. என்னை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டார். பிறகு எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கழுத்தைத் தடவினார். அதற்கு முன்னால் என்னைப் பார்த்த எல்லோரும் முன்னால் நின்று கட்டியை மட்டும்தான் அமுக்கினார்கள். இவர் தாடைக்குக் கீழே தொடங்கி, காதுக்குப் பின்னால், தோள்பட்டைக் குழி, அக்குள், வயிறு, தொடையிடுக்கு என்று ஒரு இடம் விடாமல் தடவினார். கண்ணைப் பாதி மூடியிருந்தார். ஒவ்வொன்றையும் சின்ன ஸ்கேலால் அளந்து, ஒரு மனித உருவம் வரைந்திருந்த அட்டையில் அந்தந்த இடத்தில் வட்டம் போட்டார். படம் வரைகிற டாக்டரை நான் பார்த்ததே இல்லை.

"மோளே, இதில ஒண்ணு வெட்டி எடுத்துப் பார்க்கணும். பயப்படண்டா" என்றார். மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போகிற நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட, மலையாளம் கலந்த தமிழ் அது.

வெட்டி எடுத்தார்கள். பத்து நாள் கழித்து மறுபடி போனோம். அன்றைக்கு அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பேசினார் டாக்டரம்மா. நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். மூன்று தையல் போட்ட என் கழுத்தைப் பார்க்காமல், "மாத்திரை வாங்கிட்டு வந்துர்றேன், இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார். எனக்கு அவரிடம் கேட்க ஒன்று இருந்தது. பத்து நாளாக மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா, என் கட்டிய வெட்டி எடுத்தீகளே, அது இப்ப எங்கன இருக்கு?"

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பார்க்கணுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். கையைப் பிடித்து அடுத்த கட்டிடத்துக்குக் கூட்டிப் போனார்.

அது மருந்து நெடி அடிக்கிற ஒரு அறை. ஜன்னலை ஒட்டி மேசை. மேசைமேல் கறுப்பு இரும்பில் ஒரு மைக்ராஸ்கோப். அதற்கு விளக்கு கிடையாது. அடியில் ஒரு வட்டக் கண்ணாடி, அதைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்கவேண்டும். டாக்டரம்மா ஒரு கண்ணாடித் துண்டைச் செருகி, திருகைத் திருகி, என்னை முக்காலியில் ஏற்றிவிட்டார். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. "கண்ணு கொஞ்சம் தள்ளி வையி" என்றார். அப்புறம் தெரிந்தது. வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு களம். அதில் கேழ்வரகு சிந்தினாற்போல ஊதாப் புள்ளிகள். நாவல்பழம் தின்ற நாக்கின் ஊதா.

"இதுதான் உன் கட்டி. சன்னமா அரிஞ்சு சாயம் போட்டது. நடுவில ஒருத்தன் பெரிசா இருக்கான் பாரு."

பார்த்தேன். மற்றப் புள்ளிகளை விடப் பல மடங்கு பெரியது. அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கண். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு கருவிழி. என்னையே பார்த்தது.

"ஆந்தை!" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எங்க புத்தகத்திலயும் அப்படித்தான் எழுதியிருக்கு. படிக்காமலே சொல்லிட்டே." பிறகு முக்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். "இவன்தான் கேடு பண்றவன். எப்ப நிறுத்தணும்னு தெரியாம ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகிப் பெருகுவான். நான் தர்ற மருந்தில கட்டி சீக்கிரம் கரைஞ்சு போகும். கையில தட்டுப்படாது. ஆனா இவங்கள்ல நாலு பேரு எங்கயாவது ஒளிஞ்சிருப்பான். அதுக்குத்தான் ஆறு தடவை மருந்து. ஆறும் முடிக்கணும். எத்தனை?"

"ஆறு."

"கட்டி போயிட்டா?"

"அப்பயும் ஆறு."

"இதுக்கு என்ன பேரு டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

அவர் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு, "எங்க பாஷையில அர்புதம்னு சொல்லும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அற்புதமாம்! இவ்வளவு நல்ல பெயர் வைத்த சீக்கு எனக்கு வந்திருக்கிறதே என்று இருந்தது. தாழ்வாரத்தில் நர்சுகள் பேசிக்கொள்ளும்போதும் அந்தச் சொல் காதில் விழுந்திருந்தது. அது அற்புதங்கள் நடக்கிற ஆஸ்பத்திரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை என்று மருந்து தொடங்கியது. ஒரு வாரம் அங்கேயே தங்கி இரண்டு ஊசி, பிறகு மாத்திரைகளோடு வீடு. ஊசியை நர்சிடம் விடாமல் டாக்டரம்மாவே போடுவார். கண்ணாடி சிரிஞ்சு, வெந்நீரில் கொதிக்கவைத்தது. என் புறங்கையை வெதுவெதுப்பான துணியில் சுற்றிவைத்து, நரம்பு எழுந்ததும், "இப்ப ஒரு கேள்வி கேளு" என்பார். நான் கேட்பேன். மருந்து ஏன் ஊசி வழியாகப் போகவேண்டும், வாயில் ஊற்றினால் ஆகாதா? ஆந்தைக்கு வலிக்குமா? பதில் முடிவதற்குள் ஊசி முடிந்திருக்கும்.

அரை மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். குடலே வந்துவிடும்போல இருக்கும். அப்பா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தகரச் சட்டியை ஏந்துவார். என்னை அடித்து வளர்த்த மனுஷர். அந்தச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது மலைப் பாதையில் நாலு இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறக்குவார். "எம்மக வயித்துல விசத்தை ஏத்திவிட்ருக்காக" என்று கண்டக்டரிடம் சொன்னார். இன்றைக்கும் அந்த மலையில் டீசல் புகை வாடை வந்தால் எனக்கு நாக்கில் ஈய ருசி தட்டும்.

முடி கொட்டியது. ஆனால் மாத்திரை ஒரு வேடிக்கை செய்தது. யானைப் பசி. ஆறு தோசை தின்றுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பேன். இரண்டாவது தடவை முடிந்து பங்குனிக் கடைசியில் வந்தபோது என் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தது. அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தான் தெருவே ஏமாந்தது. அது மாத்திரை செய்த வீக்கம். எல்லோரும் சதை என்று நினைத்தார்கள்.

"பிள்ள தேறிருச்சே! மொகத்துல என்ன களை!" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். கழுத்தைத் தடவினால் வழவழவென்று இருந்தது. கட்டி போன இடம் தெரியவில்லை. அப்பா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கூப்பிட்டுத் தடவிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய் மாட்டைத் தட்டிக்கொடுப்பார். அத்தனை சந்தோஷம்.

சித்திரையில் மூன்றாவது தடவைக்கு நாள் வந்தது. அப்பா கிளம்பவில்லை. தோட்டத்தில் கொத்து வெட்டுகிற நேரம் என்றார். அடுத்த வாரம் என்றார். அப்புறம் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கும் வாந்தி எடுக்க ஆசையில்லை, சும்மா இருந்துவிட்டேன். ஆனால் ஆறு என்ற எண் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. கழுத்தைத் தடவும்போதெல்லாம், உள்ளே நாலு பேர் ஒளிந்துகொண்டு கண்ணை உருட்டுகிறார்களா என்று யோசிப்பேன்.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். யாரோ தமிழ் தெரிந்தவர் எழுதியிருந்தார். அடியில் டாக்டரம்மாவின் இங்கிலீஷ் கையெழுத்து. 'மூன்றாவது முறைக்கான நாள் கடந்துவிட்டது. கட்டி மறைந்தாலும் நோய் போனதாக ஆகாது. இதற்கு முன் எழுதிய இரண்டு கார்டுகளுக்கும் பதில் இல்லை. குழந்தையை உடனே அழைத்து வாருங்கள்.'

இரண்டு கார்டுகள் வந்திருக்கின்றன. எங்களுக்குத் தெரியாது.

கார்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த எங்கள் திராட்சைப் பந்தல் உங்களுக்குத் தெரியும். இலையெல்லாம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்து நீலமாகக் காய்ந்திருக்கும். அம்மா பந்தலுக்கு அடியில் நின்று கொத்திலிருந்து அழுகல் பழங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் நீலம். தம்பி சாக்கு விரிப்பில் கிடந்தான். அப்பா மறு கோடியில் பெட்டிகளுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன்.

"டீபி மாத்திரைக்கா இம்புட்டு அவசரப்படுறாக?" என்றாள் அம்மா, கத்தரியை நிறுத்தாமல். அதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"டீபி இல்லம்மா. டாக்டரம்மா எனக்குக் கண்ணாடியில காமிச்சாக. ஆந்தை மாதிரி ரெண்டு கண்ணோட இருக்கு. அதுக்கு அங்கன அர்புதம்னு பேராம்."

கத்தரி நின்றது.

எங்கள் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் மலையில் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரித்தவள். எட்டு வயசிலிருந்து பதினெட்டு வரைக்கும். மலையாளம் அவளுக்குத் தமிழ் மாதிரியே ஓடும். ஆனால் கூலி வேலை பார்த்த கதை வெளியே வரக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்ததால் அவள் அதை ஊருக்குள் பேசவே மாட்டாள். உங்களுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

"என்னன்னு சொன்னாக? திருப்பிச் சொல்லு."

"அர்புதம்."

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அவளோடு ஸ்டோரில் வேலை செய்த ஒரு மலையாளத்துச் சேச்சி மார்பில் அந்த நோய் வந்து இறந்துபோனது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். மலையாளத்தில் அர்புதம் என்றால் புற்றுநோய். அது அற்புதமல்ல என்பதை அன்றைக்குத் திராட்சைப் பந்தலின் கீழ் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வாய்க்காலில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நீலம் முழுக்கப் போகவில்லை. அப்படியே நடந்துபோய் அப்பாவுக்கு முன்னால் நின்றாள்.

"ஒங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்?"

அப்பா கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் டாக்டரம்மாகிட்டக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிட்டு வந்தேன், பிள்ளைக்கும் அவ ஆத்தாளுக்கும் தெரியக்கூடாதுன்னு" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"எத்தன நாளா?"

"மாசியில இருந்து. பேரச் சொன்னா ஊரு அன்னைக்கே பாடை கட்டிரும்டி. நாளைக்கு இவளை ஒருத்தன் கட்டுவானா? டீபின்னா மருந்து இருக்குன்னு விட்ருவாக. ஒனக்குத் தெரிஞ்சா நீ அப்பவே செத்துருப்ப."

"சாகலையே. இந்தா நிக்கிறேன்ல."

"கட்டிதான் போயிருச்சேடி! தடவிப் பாரு. அந்த வாந்திய நீ பாக்கல. நான் பாத்தேன். இன்னொருக்கா என்னால அதைப் பாக்க முடியாது." அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. அப்படி ஒரு குரல் அவரிடமிருந்து வந்ததை அன்றுதான் கேட்டேன். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. என்னை வதைக்கிறார்கள் என்று நினைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "நீங்க பாக்க வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போனோம். அப்பாவும் பின்னாலேயே வந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னை ஜீப்பில் தூக்கிவிட்டு, திரும்பி, இடுப்பிலிருந்த தம்பியை அவர் கையில் கொடுத்தாள். "இந்தாங்க. பிடிங்க. பசும்பால் காய்ச்சி, தண்ணி விட்டுக் குடுங்க." அவ்வளவுதான். அதுவரை தம்பியைத் தூக்கியே பழக்கமில்லாத அப்பா, அவனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஜீப் கிளம்பிவிட்டது. ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களுக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு மலை ஏறினோம். குமுளி வரும்வரை அம்மா என் கழுத்தில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அம்மா வணக்கம் சொல்லிவிட்டு மலையாளத்தில் பேச ஆரம்பித்தாள். டாக்டரம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. இரண்டு தடவையும் அவர் அப்பாவுக்குப் புரியவைக்கத் தமிழுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு சுத்தமாகப் பேசுகிற ஒருத்தி கம்பத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பெயரால்தான் கண்டுபிடித்தேன் என்றும், தமிழில் அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்றும் அம்மா சொன்னபோது டாக்டரம்மா முதலில் சிரித்தார். "எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது" என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

பிறகு கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். தாடை, காது, கழுத்து. இடது தோள்பட்டைக் குழிக்கு வந்ததும் விரல் நின்றது. இன்னொரு தரம் தடவினார். அம்மாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். அம்மா என் விரலை வைத்தாள். பாசிப்பயறு அளவில் ஒன்று, தோலுக்கடியில் வழுக்கியது.

திரும்பி வந்திருந்தது.

அப்புறம் அம்மா கேட்க ஆரம்பித்தாள். நான் பின்னாளில் எத்தனையோ படித்தவர்களை டாக்டர்களிடம் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டவர்களைப் பார்த்ததில்லை. இது தம்பிக்கு ஒட்டுமா? தயிர் கொடுக்கலாமா? நடுவில் நிறுத்தியதால் பழைய மருந்து கேட்குமா, கேட்காதா? இவள் பெரிய மனுஷி ஆவாளா? பிள்ளை பெறுவாளா? என்ன தின்றதால் வந்தது, நான் என்ன தப்புப் பண்ணினேன்? வெளியே வரிசை காத்திருந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒட்டாது. நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. இரண்டு கேள்விக்கு மட்டும், "எனக்குத் தெரியாது" என்றார். மருந்து மறுபடி கேட்குமா, பிள்ளை பெறுவாளா என்ற இரண்டுக்கும். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்வதை அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மாவுக்கு அந்தப் பதிலில்தான் அவர்மேல் நம்பிக்கை வந்ததாம். பல வருஷம் கழித்துச் சொன்னாள்.

மூன்றாவது தடவை. ஆனியில் நாலாவது. அப்போதிலிருந்து அப்பாவும் வந்தார். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடப்பார். நான் வாந்தி எடுக்கும்போது மட்டும் மழையில் இறங்கி வெளியே போய்விடுவார். அம்மா பேசுவதை நர்சுகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கையில் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். கடைசி வரைக்கும் அவர் அம்மாவிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் பக்கத்துக் கட்டில்காரர், அம்மா எங்கே மலையாளம் கற்றாள் என்று கேட்டபோது, "ஏலக்காய் ஸ்டோர்ல பத்து வருசம் வேலை பாத்தவ" என்று அப்பாவே சொன்னார்.

ஆவணியில் ஆறாவதும் முடிந்தது. அதோடு விடவில்லை. திரும்பி வந்ததால் கழுத்துக்குக் 'கரண்ட்', அதாவது கதிர்வீச்சு, வைக்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டு, அழியக்கூடாது என்று குளிக்க விடாமல் வைத்திருந்தார்கள். சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமனான அறை. என்னை மேசையில் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இறங்குகிற ஒளி என்ன நிறம் என்று பார்க்க நான் கண்ணை மூடாமல் கிடந்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்து கேட்டேன். "நிறம் இல்லை மோளே. சூடும் இல்லை. கணக்குப் போட்டுத்தான் அது எங்கே போகும்னு எங்களுக்கே தெரியும்" என்றார். அந்தக் கணக்கு எழுதிய காகிதத்தைக் காட்டினார். என் கழுத்து முழுக்க எண்களாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த நோய் வரவில்லை. கல்யாணம் ஆனது, உண்மையைச் சொல்லித்தான் ஆனது. மகள் ஒருத்தி பிறந்தாள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரம்மாவிடம் போய்க் கழுத்தைக் காட்டிவந்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா பார்க்கப் போவேன்.

கல்யாணப் பந்தியில் என்னிடம் அந்த டீபி கேள்வி கேட்கப்பட்ட மறுவாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது எண்பது தாண்டிவிட்டார். கால் வீக்கம். ஜன்னல் பக்கம் சாய்நாற்காலியில் இருந்தார். இத்தனை வருஷம் கேட்காத ஒன்றை அன்று கேட்டேன்.

"அப்பா சொல்லக் கூடாதுன்னு சொன்ன பிறகும் எனக்கு ஏன் காமிச்சீக?"

"நீ கேட்டே" என்றார் உடனே.

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"கேக்காத பிள்ளைங்க நிறையப் பேரு இருந்தாங்க. அவங்க அப்பாமாரும் உன் அப்பா மாதிரித்தான் கை கூப்பினாங்க. நானும் சரின்னு இருந்தேன். அதுதான் அப்ப வழக்கம். உன் அம்மா வந்து அந்த முக்காலியில உட்கார்ந்து கேட்ட பிறகுதான் எல்லாருக்கும் சொல்லத் தொடங்கினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உன் கூடவே ஒரு ஆண்பிள்ளை வந்தான். அதே மாசி. அதே நோவு. சின்னமனூர்ப் பக்கம். நல்ல பிள்ளை, ஊசி குத்தினா அழ மாட்டான், ஒண்ணுமே கேக்க மாட்டான். நான் அவனுக்கு ஒண்ணும் காமிக்கலை. ரெண்டு தடவைக்கு அப்புறம் வரலை. அவனுக்கும் கார்டு போட்டேன். மூணாவது கார்டு, அந்த விலாசத்தில் ஆள் இல்லைன்னு திரும்பி வந்தது."

அவன் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். முழுப் பெயரும் சொன்னார். அவன் அப்பா பெயரும் சொன்னார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் உங்களில் ஐந்தாறு பேர் சின்னமனூரில் வாக்கப்பட்டிருக்கிறீர்கள். சிலருக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் இருக்கிறது. தனியாக எனக்குப் போன் பண்ணுங்கள், பெயரைச் சொல்கிறேன். சின்ன வயதில் கழுத்தில் கட்டி வந்து, மலைக்கு அந்தப் பக்கம் வைத்தியத்துக்குப் போய், பாதியில் நின்றுபோன ஒருவனை விசாரித்துப் பாருங்கள். வேறு எங்காவது போய் மருந்தை முடித்திருக்கலாம். குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போயிருக்கலாம். எது என்றாலும் டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் போதுமாம்.

இருந்தால் அவனுக்கும் நம்ம வயசுதான் இருக்கும்.